புதிய நகராண்மைக் கழகமும் அதன் எல்லையும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செபராங் பிறையில் எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் கடிதங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதனாலேயே கோயில் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும், எல்லை, வரி, கழகம் என்று யாராவது ஒரு சந்தேகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். தீபகற்ப மலேசியாவில் இந்த விஷயத்துக்கெல்லாம் அடிப்படை 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. கீழே "சட்டம்" என்று வெறுமனே சொன்னால் அதைத்தான் சொல்கிறேன். "ஊராட்சி", "மன்றம்" என்று சொன்னால் நகராண்மைக் கழகம், மாநகர் மன்றம், மாவட்ட மன்றம் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர்.

நகராண்மைக் கழகம், மாவட்ட அலுவலகம், கிராமக் குழு எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு இத்தனை ஆபீஸ்?

மூன்றும் வேறு வேறு. மாவட்ட அலுவலகம் மாநில அரசின் கிளை. நிலப் பட்டா, நில வரி போன்றவை அங்கே நடக்கும். பினாங்கில் ஐந்து மாவட்டங்கள் உண்டு. தீவில் வடகிழக்கு, தென்மேற்கு என இரண்டு, அக்கரையில் வட, மத்திய, தென் செபராங் பிறை என மூன்று.

நகராண்மைக் கழகம் அப்படிப்பட்ட கிளை இல்லை. சட்டத்தின் பார்வையில் அது தனி ஆள் மாதிரி. சொந்தப் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம், அதன் மேல் நாமும் வழக்குப் போடலாம். குப்பை, சாக்கடை, சந்தை, கடை லைசென்ஸ், கட்டட வரைபட அனுமதி, பூங்கா எல்லாம் அதன் கையில். இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பதால் வீட்டு வரி விதிக்கும் உரிமையும் அதற்கு உண்டு. கிராம நிர்வாகக் குழுவை மாநில அரசு நியமிக்கிறது. நம் குறைகளை மேலே கொண்டு சேர்க்கும் வேலையை அது செய்யும், ஆனால் வரி விதிக்கவோ லைசென்ஸ் கொடுக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது.

புது நகராண்மைக் கழகத்த யாரு உருவாக்கறது? புத்ராஜெயாவா, பினாங்கு அரசாங்கமா?

மாநில அரசு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ஊராட்சி நிர்வாகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சட்டத்தின் மூன்றாவது பிரிவின்படி, ஒரு பகுதியை ஊராட்சிப் பகுதியாக அறிவிப்பது, அதன் எல்லையை வரையறுப்பது, பெயர் வைப்பது, அது நகராண்மைக் கழகமா மாவட்ட மன்றமா என்று தீர்மானிப்பது, இந்த நான்கும் மாநில அதிகாரத் தரப்பின் வேலை. பினாங்கில் அது ஆளுநரைக் குறிக்கும். நடைமுறையில் முதலமைச்சர் தலைமையிலான ஆட்சிக்குழுவின் ஆலோசனைப்படி அவர் செயல்படுவார்.

ஆனால் மாநிலம் தன்னிஷ்டத்துக்குச் செய்துவிட முடியாது. ஊராட்சித் துறைக்குப் பொறுப்பான கூட்டரசு அமைச்சரையும் தேர்தல் ஆணையத்தின் செயலாளரையும் கலந்தாலோசிக்க வேண்டும். அப்புறம், அரசியலமைப்பின் 95ஏ பிரிவின்படி அமைந்த தேசிய ஊராட்சி மன்றம் ஒன்றும் இருக்கிறது. கூட்டரசும் மாநிலங்களும் உட்கார்ந்து பொதுக் கொள்கை வகுக்கும் இடம் அது.

சட்டமன்றத்துல மசோதா போட்டு ஓட்டெடுக்க வேணாமா?

வேண்டியதில்லை. கெஸட்டில், அதாவது மாநில அரசிதழில், ஓர் அறிவிப்பு போதும். சட்டமன்ற உறுப்பினர் அதைப் பற்றி அவையில் கேள்வி கேட்கலாம், விவாதம் எழுப்பலாம். அந்தக் கேள்வியை நாம்தான் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"கெஸட் ஆயிடுச்சு, கெஸட் ஆகல"ன்னு சொல்றாங்களே, அந்தக் காகிதத்துல என்னதான் இருக்கும்?

மாநில அரசிதழில் வரும் ஒரு சின்ன அறிவிப்பு அது. பார்த்தால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வெளியாகிறது என்று மேலே இருக்கும். அப்புறம் பெயர், நடைமுறைக்கு வரும் தேதி, கடைசியில் ஓர் அட்டவணை. எல்லையைச் சொல்லும் இடம் இந்த அட்டவணைதான். ஆற்றங்கரை, சாலை, லாட் எண் என்று எழுத்தில் சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் நில அளவைத் துறையில் வைக்கப்பட்டிருக்கும் வரைபடத்தின் எண்ணைக் கொடுத்து "அதில் கோடிட்டுக் காட்டிய பகுதி" என்று முடித்திருப்பார்கள்.

ஆக, அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு "எங்க தாமான் உள்ளே வந்துடுச்சு" என்று சொல்லக் கூடாது. வரைபட எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த வரைபடத்தையே பார்க்க வேண்டும். பத்திரிகையில் வரும் வண்ணப் படம், கட்சிக்காரர் கைப்பேசியில் அனுப்பும் படம், மேம்பாட்டு நிறுவனத்தின் விளம்பர அட்டை, இவற்றில் எதற்கும் சட்ட மதிப்பு இல்லை. அமைச்சர் மேடையில் அறிவித்தாலும் கெஸட் வராத வரை பழைய எல்லைதான் எல்லை. கேட்கிற எல்லாரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

எத்தனை பேரு இருந்தா நகராண்மை, எத்தனை பேரு இருந்தா மாநகர்?

சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. கொள்கை அளவில் பின்பற்றப்படும் தகுதிகள்தான் உண்டு. 2008இல் வகுத்தபடி, நகராண்மைக் கழகமாக 150,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகையும் ஆண்டுக்கு 2 கோடி ரிங்கிட்டுக்குக் குறையாத வருமானமும் வேண்டும். மாநகருக்கு 500,000 பேரும் 10 கோடி ரிங்கிட்டும். அதற்குக் கீழே உள்ளவை மாவட்ட மன்றங்கள். மாநகர் அந்தஸ்தை வழங்குபவர் மாமன்னர்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தஸ்து உயர்வதும் எல்லை மாறுவதும் இரண்டு தனி நடவடிக்கைகள். நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமாகும்போது தலைவருக்கு டத்தோ பண்டார் என்ற பதவிப் பெயர் வரும், பெயர்ப் பலகை மாறும். எல்லைக்கோடு அப்படியே இருக்கும்.

ஜார்ஜ் டவுன் 1957லேயே மாநகர் ஆச்சுன்னு தாத்தா சொல்வாரு. அப்புறம் 2015ல என்ன மறுபடியும் மாநகர்?

தாத்தா சொன்னது சரி. 1957 ஜனவரி 1ஆம் தேதி எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் ஜார்ஜ் டவுன் மாநகரானது. முதல் மேயர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். அவர் பெயரில் ஒரு சாலை இன்றும் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சாலையைக் காட்டி, அவர் யார் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிறகு 1970களின் நடுவில் நாடு முழுக்க ஊராட்சிகளை மறுசீரமைத்தார்கள். ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தையும் தீவின் கிராமப்புற மாவட்ட மன்றத்தையும் இணைத்து, முழுத் தீவுக்கும் ஒரே நகராண்மைக் கழகம் என்று 1976இல் ஆக்கினார்கள். அந்த நகராண்மைக் கழகம்தான் 2015இல் மாநகர் மன்றமானது. 1957இன் மாநகர் ஜார்ஜ் டவுன் என்ற நகரம் மட்டும். 2015இன் மாநகர் மன்றத்துக்குள் பாலிக் புலாவ் டுரியான் தோட்டங்களும் அடக்கம். பழைய அந்தஸ்து நடுவில் போய்விட்டதா, போகவே இல்லையா என்று பினாங்குக்காரர்கள் வெகுகாலம் வாதாடினார்கள்.

அப்ப பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் தனித்தனி மன்றம் இருந்ததுன்னு சொல்றது?

அதுவும் உண்மை. பட்டர்வொர்த் நகர மன்றம், புக்கிட் மெர்தாஜாம் நகர மன்றம், வட, மத்திய, தென் பகுதிகளுக்கு மூன்று கிராமப்புற மாவட்ட மன்றங்கள், ஆக ஐந்து இருந்தன. அவற்றை ஒன்றாக்கிச் செபராங் பிறை நகராண்மைக் கழகம் பிறந்தது. 2019 செப்டம்பர் 16இல் அது மாநகர் மன்றமானது. இப்போது மாநிலம் முழுவதற்கும் இரண்டே மன்றங்கள், தீவுக்கு ஒன்று, அக்கரைக்கு ஒன்று. தோட்டம், கம்போங், தொழிற்பேட்டை எதுவும் இந்த இரண்டுக்கும் வெளியே இல்லை.

எங்க வீடு எந்த எல்லையில இருக்குன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? போஸ்கோடு வச்சுச் சொல்லலாமா?

அஞ்சல் குறியீடு தபால்காரரின் வசதிக்கு. எல்லைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பட்டாவில் எழுதியிருக்கும் முக்கிமும் (மாவட்டத்துக்குள் வரும் நிலப் பிரிவு) இதற்குப் போதாது. மாவட்டம், முக்கிம், பண்டார் பிரிவுகள் தேசிய நிலச் சட்டத்தின் கீழ் வருபவை, அவற்றுக்குத் தனிக் கெஸட்.

எளிய வழி உங்கள் வீட்டு வரிச் சீட்டுதான். எந்த மன்றம் அனுப்புகிறதோ அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். புது வீடு வாங்கி இன்னும் சீட்டு வரவில்லை என்றால், லாட் எண்ணை எடுத்துக்கொண்டு மன்றத்தின் மதிப்பீட்டுப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். எல்லையோரத்தில் உண்மையான தகராறு என்றால், மேலே சொன்ன கெஸட் வரைபடத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாங்க பிறையில இருக்கோம். ஆனா எம்.பி. பத்து கவான் எம்.பி.ங்கிறாங்க. மாவட்ட ஆபீஸ் புக்கிட் மெர்தாஜாம். இது என்ன கணக்கு?

குழப்பம் உங்களுடையது இல்லை. பிறை, மத்திய செபராங் பிறை மாவட்டத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத் தொகுதி பத்து கவான். ஆனால் பத்து கவான் என்ற ஊரோ தென் செபராங் பிறை மாவட்டத்தில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மாநகர் மன்றம். ஒரே நிலத்தின் மேல் மூன்று விதமான கோடுகள், மூன்றுக்கும் தனிச் சட்டம். மாவட்டம் நிலத்துக்கு, தொகுதி ஓட்டுக்கு, ஊராட்சி எல்லை வரிக்கும் சேவைக்கும்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. தொகுதி எல்லையைத் திருத்தும்போது, அரசியலமைப்பின் பதின்மூன்றாவது அட்டவணைப்படி பாதிக்கப்படும் தொகுதியின் வாக்காளர் 100 பேர் சேர்ந்து ஆட்சேபித்தால் தேர்தல் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்த வேண்டும். ஊராட்சி எல்லையைத் திருத்தும்போது மக்களுக்கு அப்படி ஓர் உரிமையைச் சட்டம் எழுதி வைக்கவில்லை. தினமும் குப்பை எடுப்பதும் ஆண்டுதோறும் வரி வாங்குவதும் ஊராட்சிதான். அந்த எல்லையில் நம் பேச்சுக்கு இடம் குறைவாக இருப்பது நியாயமில்லை.

புது கழகம் வந்தா வீட்டு வரி ஏறுமா? அதை மட்டும் சொல்லுங்க.

கெஸட் வந்த நாளிலேயே ஏறாது. பின்னால் ஏறலாம். எப்படி என்று தெரிந்துகொண்டால் முன்கூட்டியே கவனிக்கலாம்.

பினாங்கில் வரி ஆண்டு மதிப்பின் மேல் கணக்காகிறது. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. உதாரணத்துக்கு, மாதம் 800 ரிங்கிட் வாடகை போகும் வீட்டின் ஆண்டு மதிப்பு 9,600 ரிங்கிட். மன்றம் 8 விழுக்காடு என்று வைத்தால் ஆண்டுக்கு 768 ரிங்கிட், அரையாண்டுக்கு 384. ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. விழுக்காட்டை நிர்ணயிக்க மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். ஜொகூரில் இருக்கும் உறவுக்காரர் சொல்லும் தொகையோடு ஒப்பிடாதீர்கள், அங்கே சொத்தின் மேம்பட்ட மதிப்பை, அதாவது விற்றால் போகும் விலையை, வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

ஏறுவதற்கு முக்கியமாக இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, விழுக்காடு மாறுவது. இன்னொன்று, மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிப்பது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். புதுப் பட்டியல் வரும்போது உங்களுக்கு நோட்டீஸ் வரும். ஆட்சேபணை இருந்தால், விசாரணை நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும். "வரி ஜாஸ்தி" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. அதே வரிசையில் அதே அளவு வீடு எவ்வளவு வாடகைக்குப் போகிறது என்று வாடகை ஒப்பந்த நகலோடு காட்டுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். இந்த நோட்டீஸை விளம்பரத் தாள்களோடு தூக்கிப் போட்டுவிட்டு, சீட்டு வந்த பிறகு கவுன்சிலரைத் தேடி ஓடுகிறவர்கள்தான் அதிகம். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

பழைய கழகத்துக்கு வரி பாக்கி இருக்கு. எல்லை மாறினா அது தள்ளுபடி ஆயிடுமா?

ஆகாது. செலுத்தாத வரி அந்தச் சொத்தின் மேல் ஏறிய கடன், உரிமையாளர் மாறினாலும் அது கூடவே வரும். எல்லை மாறும்போது சொத்து, கடன், பாக்கி, ஊழியர் எல்லாம் யாருக்குப் போகிறது என்பதைப் பிரிப்பு ஏற்பாட்டில் சொல்லிவிடுவார்கள். யாரிடம் கட்ட வேண்டும் என்பது மாறலாம், கட்ட வேண்டும் என்பது மாறாது.

என் சாப்பாட்டுக்கடை லைசென்ஸ்?

லைசென்ஸ் கொடுப்பது ஊராட்சி மன்றம் என்பதால், எல்லை மாறினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது புது மன்றத்தின் துணைவிதிகளுக்கும் கட்டணத்துக்கும் நீங்கள் உட்படுவீர்கள். வழியோரம் மேசை போடலாமா, எத்தனை மணிக்கு மூட வேண்டும், பெயர்ப் பலகை அளவு என்ன, எல்லாம் மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் லைசென்ஸை ரத்து செய்யும் அதிகாரத்தையும் சட்டத்தின் 107ஆவது பிரிவு மன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே எல்லை மாற்றப் பேச்சு வரும்போது, பழைய லைசென்ஸ், கட்டண ரசீது, கடை வரைபடம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்க எஸ்டேட்டுல இருக்கோம். எல்லைக்குள்ள இருக்கோம்னா ஏன் எங்க ரோட்டுக்கு விளக்கு வரல?

தோட்டத்து மக்களிடமிருந்து வரும் கேள்விகளில் மனத்தைத் தைப்பது இது. எல்லைக்குள் இருப்பது ஒன்று, சாலை பொதுச் சாலையாக இருப்பது இன்னொன்று. முன்பே சொன்னபடி பினாங்கில் எல்லாத் தோட்டங்களும் ஊராட்சி எல்லைக்குள்தான். ஆனால் தோட்டத்துச் சாலையும் லயத்து முற்றமும் கம்பெனி நிலம். தனியார் நிலத்துச் சாலையை மன்றம் பராமரிக்காது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி தனியார் சாலைக்கு முதல் பொறுப்பு உரிமையாளருடையது. அதை அரசிடம் ஒப்படைத்து, மன்றம் பொதுச் சாலையாக ஏற்றுக்கொண்ட பிறகே விளக்கு, தார், வடிகால் எல்லாம் மன்றத்தின் கடமையாகும்.

புது நகராண்மைக் கழகம் வந்தாலும் இந்த நிலை தானாக மாறாது. அதனால் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேளுங்கள். "விளக்குப் போடுங்கள்" என்று மன்றத்துக்கு எழுதுவதைவிட, "இந்த லாட்டில் உள்ள இந்தச் சாலையை ஒப்படைக்க உரிமையாளர் விண்ணப்பித்திருக்கிறாரா, எந்த நிலையில் இருக்கிறது" என்று மன்றத்துக்கும் நில அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். அப்போது பந்தை அடுத்தவர் பக்கம் தள்ள முடியாது.

கோயிலுக்கு வரி விலக்கு இருக்குல்ல? புது கழகம் அத எடுத்துடுமா?

பொது வழிபாட்டுக்காக மட்டுமே பயன்படும் இடத்துக்கும், லைசென்ஸ் பெற்ற பொது மயானத்துக்கும், பொதுப் பள்ளிக்கும், லாப நோக்கமில்லாத அறப்பணி இடத்துக்கும் மாநில அரசு விலக்குத் தரலாம் என்று சட்டத்தின் 134ஆவது பிரிவு சொல்கிறது. "தரலாம்" என்பதைக் கவனியுங்கள். கோயில் என்பதாலேயே தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். கோயில் மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் அந்தப் பகுதிக்கு விலக்குக் கிடைப்பது கடினம். விலக்குத் தருவது மாநில அரசு என்பதால், கழகம் மாறியதும் விலக்கு விழுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். விலக்குக் கடிதத்தின் நகல் நிர்வாகத்திடம் இருக்கிறதா என்று மட்டும் இன்றே பாருங்கள். முன்னாள் தலைவர் வீட்டு அலமாரியில் மாட்டிக்கொண்ட கடிதங்கள் நிறைய.

கோயில் இருக்கும் நிலத்தின் உரிமைக்கும் ஊராட்சி எல்லைக்கும் சம்பந்தமில்லை. அது நிலச் சட்டத்து விஷயம்.

செபராங் பிறைய ரெண்டாப் பிரிச்சு, தெற்குக்குத் தனி நகராண்மைக் கழகம் ஆக்க முடியுமா?

சட்டப்படி முடியும். முன்னுதாரணமும் இருக்கிறது. சிலாங்கூரில் அம்பாங், உலு கிளாங் பகுதிகளைக் கோம்பாக், உலு லங்காட் மாவட்ட மன்றங்களிலிருந்து எடுத்து 1992 ஜூலை 1இல் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் உருவானது. ஐந்தாவது பிரிவின் கீழ் ஒரு மன்றத்தின் எல்லையைக் குறைத்து, மூன்றாவது பிரிவின் கீழ் புது மன்றத்தை அறிவிக்கலாம்.

பிரிப்பது நல்லதா என்பதுதான் கடினம். ஆதரவாகச் சொல்ல வலுவான காரணம் உண்டு. 2020 கணக்கெடுப்பில் செபராங் பிறையின் மக்கள்தொகை 946,000-ஐத் தாண்டியது. சட்டம் ஒரு மன்றத்துக்குத் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர் வரைதான் அனுமதிக்கிறது. முழு 24 பேர் இருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு 39,000 பேருக்கு மேல் வருகிறார்கள். கப்பாளா பத்தாஸிலிருந்து நிபோங் திபால் வரை அந்த 24 பேர்தான் ஓட வேண்டும். இரண்டாகப் பிரித்தால் இன்னும் 24 இடங்கள் கிடைக்கும். அலுவலகமும் கிட்ட வரும்.

எதிராகச் சொல்வது பணம். பிறை, புக்கிட் மின்யாக், பத்து கவான் தொழிற்பேட்டைகளின் வரி இப்போது ஒரே பையில் விழுகிறது, நெல் வயலும் மீனவர் கம்போங்கும் உள்ள பகுதிகளுக்கும் அதிலிருந்துதான் செலவாகிறது. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் செழிக்கும், மறுபக்கம் மாநில மானியத்தை எதிர்பார்த்து நிற்கும். இன்னொன்று, திடக்கழிவுக்கான 2007ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை. குப்பை எடுக்கும் செலவு இங்கே மன்றத்தின் தலையில்தான். சின்ன மன்றத்துக்கு அது பெரிய சுமை. என் எண்ணத்தில், பிரிப்பதற்கு முன் இரண்டு பக்கத்தின் வரவு செலவையும் தனித்தனியே போட்டு மக்கள் முன் வைக்க வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் "தனிக் கழகம் வேண்டும்" என்று யார் மனு கொண்டு வந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

எல்லைய மாத்தறதுக்கு முன்னாடி நம்மகிட்ட கேப்பாங்களா?

கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. கலந்தாலோசிக்க வேண்டியவர்கள் யார் என்று மேலே இரண்டாவது கேள்வியில் சொன்னேன், அதில் மக்கள் இல்லை. ஆனால் வாசல் முழுவதும் அடைத்துக் கிடக்கவில்லை. நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். எந்த இடம் நகரமாகப் போகிறது, எங்கே தொழிற்பேட்டை, எங்கே குடியிருப்பு என்பதெல்லாம் அதில் தெரியும். எல்லை மாற்றத்தின் காலடிச் சத்தம் முதலில் கேட்பது அங்கேதான். அந்த வரைவைப் பார்க்க நம்மவர்கள் போவதே இல்லை, அதுதான் வருத்தம்.

மன்றத்தின் முழுக் கூட்டமும் பொதுமக்களுக்குத் திறந்தது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் ஒழிய, போய் உட்காரலாம்.

கவுன்சிலர நாமளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தா இந்தப் பிரச்சினையே இல்லையே?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஜார்ஜ் டவுனில் 1857லேயே நகராண்மைத் தேர்தல் நடந்திருக்கிறது. இந்தோனேசிய மோதல் காலத்தில், 1965இல் நாடு முழுக்க ஊராட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஊராட்சிகளை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் என்று அவர் அறிக்கை பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. சட்டம் 171 வந்தபோது அதன் 15ஆவது பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

பினாங்கு 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கென மாநிலச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்போது உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, ஒரு தவணை மூன்றாண்டுக்கு மேல் போகாது. பெரும்பாலோர் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் வட்டாரத்துக்கு நியமிக்கப்பட்டவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கோலாலம்பூர்ல என் தங்கச்சி வீட்டுக்குக் கவுன்சிலரே இல்லையாம். ஏன்?

கோலாலம்பூரின் கதை தனி. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி அங்கே மன்றம் கிடையாது. டத்தோ பண்டார் என்ற ஒற்றைப் பதவியே சட்டப்படி அந்த நிறுவனம். ஆலோசனை வாரியம் உண்டு, முடிவு அவருடையது. 1974 பிப்ரவரி 1இல் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானபோது அதன் பரப்பு 243 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அங்கே எல்லை என்பது மாநில எல்லையும்கூட. அம்பாங்கில் பாருங்கள், பெயர் ஒன்றுதான். ஒரு பக்கம் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராண்மை), இன்னொரு பக்கம் அம்பாங் ஜெயா. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வெவ்வேறு இடத்தில் வரி கட்டுகிறார்கள்.

நிபோங் திபால் பக்கத்துலதான் பண்டார் பாருவும் பாரிட் புந்தாரும். மூணையும் சேர்த்து ஒரே நகராண்மைக் கழகம் ஆக்கலாமே?

சந்தைக்கும் பள்ளிக்கும் மக்கள் இந்த மூன்று ஊருக்கும் தினமும் போய் வருகிறார்கள், கேள்வி நியாயமானது. ஆனால் பண்டார் பாரு கெடா, பாரிட் புந்தார் பேராக். ஒரு மாநிலம் தன் நிலத்துக்குள்தான் ஊராட்சிப் பகுதியை அறிவிக்க முடியும். மாநில எல்லையையே மாற்ற வேண்டுமென்றால் அரசியலமைப்பின் இரண்டாவது பிரிவு குறுக்கே நிற்கும். நாடாளுமன்றச் சட்டமும், சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் சம்மதமும், ஆட்சியாளர்கள் மாமன்றத்தின் சம்மதமும் வேண்டும். வெள்ளத் தடுப்பு, குப்பைக் கிடங்கு போன்றவற்றில் மூன்று மன்றங்களும் ஒப்பந்தம் போட்டு ஒத்துழைக்கலாம். அதைக் கேட்பதே பலன் தரும்.

கெஸட் வந்துடுச்சு, எங்க தாமான நடுவுல வெட்டிட்டாங்க. கோர்ட்டுக்குப் போகலாமா?

நீதித்துறை மறுஆய்வு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். காலக்கெடு மூன்று மாதம், அதுவும் முடிவு உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். எல்லை நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் பார்க்காது. கலந்தாலோசிக்க வேண்டியவர்களைக் கலந்தாலோசித்தார்களா, அதிகாரத்துக்கு உட்பட்டுத்தான் செய்தார்களா, முறைப்படி நடந்ததா என்றுதான் பார்க்கும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது, அல்லது அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, ஐந்தாவது பிரிவின் கீழ் திருத்தம் கேட்டு மாநில அரசுக்கு விண்ணப்பிப்பது. எல்லையை இன்னொரு கெஸட்டால் நகர்த்த முடியும். விண்ணப்பத்தில் ஒவ்வொரு வீட்டின் லாட் எண்ணையும் எழுதி, கெஸட் வரைபடத்தின் நகலில் கோடு எந்தச் சந்தில் நுழைகிறது என்று சிவப்பு மையால் காட்டி, எந்தச் சாலை வழியாகப் போனால் தாமான் முழுதாக இருக்கும் என்று மாற்றுக் கோட்டையும் நீங்களே போட்டுக் கொடுங்கள். நகல்களை அமைச்சுக்கும் இரண்டு மன்றங்களுக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் தேதியையும் வாங்கி வையுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கும் நாளில் அவர் முதலில் கேட்பது அந்தத் தேதிகளைத்தான்.